கரிசலுக்கும் நான்குவழிச் சாலைக்கும் ஒரே டயரா?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வீடு கோவில்பட்டி, வேலை திருநெல்வேலி. 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் தினமும் நான்குவழிச் சாலையில் போய் வருகிறார். மாதத்தில் மூன்று ஞாயிறு விளாத்திகுளம் பக்கம் மாமனார் ஊருக்கு மனைவியோடு மண்பாதையில் பயணம். எப்போதாவது நண்பர்களோடு திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடு. பழைய டயர் மொட்டையாகிவிட்டது. "50/50 டயர் போட்டுடு, ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒத்துவரும்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். போடலாமா?

தம்பி, போட வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒத்துவராது. அதற்குப் பதில் என்ன போடலாம் என்பதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு தாளை எடுத்து ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். போக வர 110. மாதம் 22 வேலை நாள் என்றால் 2,420 கிலோமீட்டர். மூன்று ஞாயிறு மாமனார் ஊருக்குப் போய் வருவது ஒருமுறைக்கு 80 என்று வைத்தால் 240. அதில் உண்மையிலேயே மண்ணில் ஓடுவது ஒருமுறைக்கு 20 கிலோமீட்டர் இருக்குமா? மாதம் 60. ஆக, 2,660 கிலோமீட்டரில் 60 கிலோமீட்டர்தான் மண். நூற்றுக்கு மூன்று கூட இல்லை. தேரிக்குப் போகும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

50/50 என்று விற்கும், தனித்தனி ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் கட்டை டயரைப் பின்சக்கரத்தில் மாட்டி, நம் வெயிலில் கொதிக்கும் நான்குவழிச் சாலையில் தினமும் 80-இல் ஓட்டினால், இந்த எடை வண்டியில் 5,000, 6,000 கிலோமீட்டரில் நடுக்கட்டைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். நான் போட்டு ஓட்டியதில் கண்டது இது. உங்கள் கணக்குப்படி இரண்டேகால் மாதம். அதாவது தீபாவளிக்குப் போட்ட டயரைப் பொங்கலுக்கு மாற்ற வேண்டும். அதுவும் எதற்கு? மாதம் 60 கிலோமீட்டருக்காக. ரோடு பக்கம் சாய்ந்த டயர் என்றால் அதே ஓட்டத்துக்கு 12,000-க்கு மேல் வரும்.

பணம்கூட இரண்டாவது விஷயம்தான். எனக்கு உண்மையான பயம் ஈரமான தார்ச்சாலை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு சக்கரத்திலும் கட்டை டயர் போட்டு நான் ஓட்டிய காலத்தில், ஒரு புரட்டாசி மாலை. இரண்டு மாதம் மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த சாலை. லாரிகள் சொட்டிய டீசலும் எண்ணெயும் தூசியும் படிந்திருந்த தாரில் முதல் தூறல் விழுந்தது. டோல்கேட்டை நெருங்கும்போது குறுக்கே வெள்ளைப் பட்டைகள் அடித்திருப்பார்களே, அதன்மேல் ஏறும்போதுதான் பிரேக்கைத் தொட்டேன். வேகம் 40 கூட இருக்காது. முன்சக்கரம் எந்தச் சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் போய்விட்டது. பின்னால் லாரி வராததால் முழங்கையோடு போயிற்று. எழுந்து போய் அந்தப் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன், சோப்புத் தண்ணீர் தடவிய தட்டு மாதிரி இருந்தது. மண்ணில் என்னைப் பலமுறை காப்பாற்றிய டயர் அது. அதனால் டயரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நான் தப்பான இடத்தில் நம்பினேன்.

காரணம் எளிமையானது. ஓடும் பைக்குக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது சக்கரத்துக்கு உள்ளங்கை அளவு ரப்பர். கட்டை டயரில் அந்த உள்ளங்கையிலும் பெரும்பகுதி வெற்றிடம். மண்ணில் அந்த இடைவெளிதான் பலம்: கட்டை மண்ணுக்குள் இறங்கும், இடைவெளியில் சிக்கிய மண்ணைச் சக்கரம் சுழன்று உதறும், அடுத்த பிடி கிடைக்கும். தாருக்குள் கட்டை இறங்க முடியாது. மேலே ஒட்டி நிற்பது மட்டும்தான் பிடிப்பு. ஒட்டுவதற்கு ரப்பர் குறைவு. அதோடு உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் ஆடும் பல்லைப் போல ஒவ்வொன்றாக வளையும். வேகமாக வளைவில் சாய்ந்தால் வண்டி கொழகொழவென்று இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான். அப்படி வளைந்து உரசுவதால் கட்டையின் ஒரு விளிம்பு மட்டும் சரிவாகத் தேயும். பிறகு சக்கரம் 'ஊ...' என்று இரையத் தொடங்கும், ஹேண்டில்பாரில் நடுக்கம் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 50/50, 70/30, 90/10 என்று, ரோட்டுக்கு இவ்வளவு மண்ணுக்கு இவ்வளவு எனச் சொல்லும் எண்கள் எந்த அரசு அமைப்பும் அளந்து கொடுத்தவை அல்ல. கம்பெனியும் கடைக்காரரும் ஓட்டுபவர்களும் ஒரு குத்துமதிப்புக்குச் சொல்வது. ஒரு கம்பெனியின் 50/50 இன்னொரு கம்பெனியின் 70/30 போல நடந்துகொள்ளும். அதனால் எண்ணை விட்டுவிட்டு டயரைப் பாருங்கள். கடையில் டயரின் நடுப்பகுதியை விரலால் தடவுங்கள். நடுவில் ரப்பர் தொடர்ச்சியாக, அல்லது கட்டைகள் ஒன்றோடொன்று பாலம் போட்டது மாதிரி இணைந்து போனால் அது ரோட்டுக்குச் சாய்ந்தது. ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக நின்று, நடுவில் விரல் முழுசாக இறங்கினால் அது மண்ணுக்குச் சாய்ந்தது.

பெயர் சொல்லியே பார்ப்போம். கான்டினென்டலின் டிகேசி 80, மிஷெலினின் அனாக்கி வைல்டு இரண்டும் தனித்தனிக் கட்டை வகை. நண்பர்கள் 50/50 என்று சொல்வது பெரும்பாலும் இந்த இனத்தைத்தான். டிகேசி 70, அனாக்கி அட்வென்ச்சர் இரண்டும் ரோட்டுப் பக்கம்.  பைரெல்லி ஸ்கார்பியன் ராலி எஸ்டிஆர் இரண்டுக்கும் நடுவில்: பார்க்க முரடு, ஆனால் கட்டைகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் தாரில் அமைதியாக ஓடும். உங்கள் வண்டியோடு வந்த சியட் கிரிப் வகையைக் கேவலமாக நினைக்காதீர்கள். உங்கள் ஓட்டத்தில் நூற்றுக்கு 97 பங்குக்கு அது போதும். வெளிநாட்டுக்குப் போன ஹிமாலயன்களில் வந்த பைரெல்லி எம்டி 60-உம் இதே குணம்தான்.

ஆனால் கடைக்குப் போகும் முன் அளவைப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் 90/90-21, பின்சக்கரம் 120/90-17. முன் அளவு உலகம் முழுக்கக் கிடைக்கும். பின் அளவுதான் சிக்கல், இறக்குமதி டயர்களில் அது அரிது. கடைக்காரர் 130/80-17 எடுத்துக் காட்டுவார். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120-இல் 90 சதவீதம் 108 மில்லிமீட்டர், 130-இல் 80 சதவீதம் 104. ஆக மொத்த விட்டத்தில் 8 மில்லிமீட்டர் குறையும், அகலத்தில் 10 கூடும். விட்டம் குறைவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், ஓட்டத்தில் தெரியாது. அகலம்தான் கவனிக்க வேண்டியது. உங்கள் ரிம் அகலத்துக்கு அந்த டயரைக் கம்பெனி அனுமதிக்கிறதா, செயினுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று மாட்டிய பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கு மேல் அகலம் போகவே வேண்டாம். பின்னால் கொழுத்த டயர் படத்துக்கு அழகு, ஆனால் வளைவில் வண்டியைச் சாய்க்கப் போராட வேண்டும்.

அளவுக்குப் பக்கத்தில் '64 எஸ்' என்பது மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 64 என்றால் அந்த டயர் 280 கிலோ தாங்கும், 54 என்றால் 212 கிலோ. எழுத்து வேகம்: பி (P) 150, கியூ (Q) 160, எஸ் (S) 180, டி (T) 190 கிலோமீட்டர். ஹிமாலயனுக்கு கியூ இருந்தாலே தாராளம். எடைக்கான எண்ணில் மட்டும் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகாதீர்கள். மனைவியும் பையும் ஏறிய வண்டியில் பாரத்தில் பெரும்பங்கு பின்டயரில்தான் உட்காரும். அப்புறம் தேதி: பக்கச்சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலைந்து வருடம் பரணில் கிடந்த டயரை வாங்காதீர்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் முதலில் கைவிடுவது அதுதான்.

சரி, மண்ணுக்கு வருவோம். உங்கள் ஊர் மண் எனக்குத் தெரியும் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். காய்ந்த கரிசலுக்கு எந்த டயரும் போதும். வெடித்த பாளங்களில் வண்டி குலுங்கும், அவ்வளவுதான். நனைந்த கரிசலுக்கு எந்த டயரும் போதாது. அது தண்ணீர் குடித்து உப்புகிற களிமண். பத்தே சுற்றில் டயரின் இடைவெளியை எல்லாம் நிரப்பி அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் போட்டிருப்பது கட்டை டயரா மொட்டை டயரா என்று மண்ணுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் மேலே அலகு மாதிரி ஒன்றும் சக்கரத்தை ஒட்டி இன்னொன்றுமாக இரண்டு மட்கார்டு இருக்கிறதல்லவா, கீழ் மட்கார்டுக்குள் கரிசல் திணித்துக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாமல் பிடித்துவிடும். ஒரு கார்த்திகை மாதம் பருத்திக் காட்டு ஓரத்தில் வேப்பங்குச்சியை உடைத்து, இருபதடிக்கு ஒருமுறை குத்திக் குத்தி எடுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளியிருக்கிறேன். அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. அன்று போட்டிருந்ததும் கட்டை டயர்தான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மாமனார் ஊருக்குப் போகும்போது தார்ச்சாலையில் சுற்றிப் போங்கள். அல்லது ஒருநாள் நல்ல வெயில் அடித்த பிறகு, பாதை ஓரத்துப் புல்மேல் சக்கரத்தை வைத்துப் போங்கள். இதற்கு டயரில் விடை தேடாதீர்கள்.

தேரி வேறு கதை. அந்தச் செம்மணல் காய்ந்த மாவு மாதிரி. முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்வதுதான் அங்கே பிரச்சினை. அங்கே கட்டை டயர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் காற்றைக் குறைப்பது அதைவிட அதிகமாக உதவும். மண்பாதைக்கு, கையேட்டில் சொன்ன அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு குறையுங்கள். டயர் கொஞ்சம் படர்ந்து நீளமாகத் தரையில் உட்காரும், கல்லில் துள்ளாமல் அதைத் தழுவிப் போகும். மணலில் இன்னும் சிறிது குறைக்கலாம், ஆனால் மெதுவாக மட்டும். ஏன் என்றால் உங்களுடையது ட்யூப் டயர். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஒரு கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கொத்தியது மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். ரொம்பக் குறைத்தால் ரிம்மில் டயர் நழுவிச் சுற்றி ட்யூபின் வால்வையே பிய்த்துவிடும். குறைத்த காற்றோடு நான்குவழிச் சாலையில் ஏறவே கூடாது. டயர் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பும், அழுத்தம் பார்க்கும் கருவியும் வாங்குங்கள். ஒரு இறக்குமதிக் கட்டை டயருக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. தேரியில் வனத்துறையின் காப்புக்காடும் உண்டு, எதுவரை போகலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். உடைமரமும் பனையும் பிடித்து வைத்திருக்கிற மணல் அது.

இனி என் பரிந்துரை. முன்னும் பின்னும் ஒரே டயர் போட்டாக வேண்டும் என்று சட்டமில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், வால் ஆட்டும், பிறகு நேராகும். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. மண்ணில் வண்டி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் முன்சக்கரம்தான், தேய்வதோ பின்சக்கரம். எனவே பின்னால் ரோட்டுக்குச் சாய்ந்த டயர், வண்டியோடு வந்த வகையே போதும். முன்னால் நடுத்தரம்: ஸ்கார்பியன் ராலி எஸ்டிஆர் மாதிரி, பெரிய நெருக்கமான கட்டைகள் கொண்டது. தார் ஈரத்தில் அது உங்களைக் கைவிடாது, மண்ணில் வழக்கமான டயரைவிடப் பிடித்துப் போகும், முன்சக்கரம் மெதுவாகத் தேய்வதால் காசுக்கும் நியாயம். முன்னால் முழுக்கட்டை, பின்னால் வழவழப்பு என்று சிலர் போடுகிறார்கள்; மழைக்காலத்தில் தினமும் நெடுஞ்சாலையில் போகிற உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஒன்றில் மட்டும் கவனம்: ரேடியலையும் (உள்நூல்கள் குறுக்கே நேராக ஓடும் வகை) சாதாரண நைலான் வகையையும் (உள்நூல்கள் சாய்வாக ஓடுவது) முன்பின் கலந்து போடுவதாக இருந்தால், டயர் கம்பெனி அந்த ஜோடியை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வளையும் விதம் வேறு, வேகத்தில் வண்டி அலைபாயும்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். ஒரே வடிவ டயரில்கூட முன்னுக்கும் பின்னுக்கும் அம்பு எதிரெதிராக இருக்கலாம். முன்டயரின் வேலை பிரேக் தாங்குவது, பின்டயரின் வேலை தள்ளுவது என்பதால் அப்படி. "பின்னாடி டிசைன் வேற பக்கம் பாக்குதே" என்று கடைப் பையன் திருப்பி மாட்டிவிடுவான், விடாதீர்கள். டயரைக் கழற்றியிருக்கும்போதே ஸ்போக் தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். புது ட்யூப் போடுங்கள், பழைய ட்யூப் புது டயருக்குள் மடிந்து உட்காரும். முதல் 150, 200 கிலோமீட்டர் வளைவுகளில் அடக்கமாகப் போங்கள். புது ரப்பரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும், அது உரசிப் போக வேண்டும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மண்பாதை ஓட்டத்துக்குப் பிறகும் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இரண்டு டயரையும் ஒரு சுற்றுத் தடவுங்கள். சீமைக் கருவேல முள் உள்ளே போன உடனே பஞ்சர் ஆகாது. நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே இருந்துகொண்டு, திங்கட்கிழமை காலை கயத்தாறு தாண்டும்போது ட்யூபைத் தொடும். மூக்குப்பொட்டு அளவுக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் குறட்டால் பிடுங்கிவிடுங்கள். தேய்ந்த டயரில் முள் ட்யூபை எட்டுவது சுலபம் என்பதால், பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டியை ரப்பர் தொடும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவது நம் ஊருக்கு நல்லது. தூரப் பயணத்துக்கு ஒரே ஒரு ட்யூப்தான் எடுத்துப் போக முடியும் என்றால் முன்சக்கரத்து 21 அங்குல ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். 17 அங்குலத்தை முன்னால் இழுத்து மாட்டுவது சரிவராது.

50/50 யாருக்குத்தான் என்று கேட்பீர்கள். ஸ்பிதி, லடாக் என்று இரண்டு வாரம் போகிறீர்கள், நீரோடைக் கடவும் கூழாங்கல் பாதையும் தினமும் வரும் என்றால் போடுங்கள். வார நாட்களுக்கு வேறு வண்டி இருந்து, இதை மண்ணுக்கு மட்டுமே எடுப்பவர் என்றாலும் தாராளமாகப் போடுங்கள். உங்களுக்கே அப்படி ஒரு பயணம் வந்தால், இப்போது கழற்றும் டயரைப் போல் மொட்டையாகும் வரை காத்திருக்காமல், நல்ல நிலையில் இருக்கும் ரோட்டு டயரைக் கழற்றி வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, கட்டை டயரைப் போட்டுப் போய் வந்து மறுபடி மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது ஆவணி என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. புரட்டாசி முதல் மழைக்கு முன்பே பின்டயரை மாற்றி அந்த 200 கிலோமீட்டரை ஓட்டி முடித்துவிடுங்கள். கையில் காசு இப்போது ஒரு டயருக்குத்தான் இருக்கிறது, முன்டயரில் இன்னும் பாதிக் கட்டை மிச்சம் இருக்கிறது என்றால், முன்டயரைத் தைக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் மொட்டை என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பின்னால் உட்காருவது உங்கள் மனைவி.